மரபும் மருத்துவமும்

குழந்தை பிறந்தவுடன் சாதகம் கணிப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். இன்று சென்னை மாநகரில் வேறொரு சாதகமும் விலைக்கு வந்துள்ளது. சிறு குழாயில் உமிழ்நீரை நிரப்பி அனுப்பினால், இன்ன நோய் வரக்கூடும், இன்ன உணவு ஒவ்வாது என்று கூறும் அறிக்கை வீடு தேடி வரும். பழைய சாதகத்தை எள்ளி நகையாடுவோரும் இப்புதிய சாதகத்தை மறுபேச்சின்றி நம்பிவிடுகின்றனர். இதில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு.

மனித உடலின் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது. மற்றொன்று தந்தைவழி வந்தது. அவற்றில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அமைந்துள்ளன. பல நாட்டு அறிஞரும் ஒன்றுகூடி அவற்றைப் படித்தறிய 1990 முதல் 2003 வரை பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இன்றோ ஒருவருடைய மரபணுத் தொகுதியைச் சில நாட்களிலேயே படித்துவிடலாம். படிப்பது எளிதாயிற்று, பொருள் காண்பது இன்னும் அரிதாகவே உள்ளது. ஏட்டைப் படிக்கத் தெரிந்தவரெல்லாம் உரை காண வல்லவர் ஆவரோ?

பரங்கிமலையை அடுத்த ஆதம்பாக்கத்தில் ஒரு குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். தாய்க்கு முப்பத்தெட்டாம் வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டது. அவளுடைய தமக்கை முன்னரே சூலகப் புற்றுநோயால் இறந்தவள். தாய்க்குப் பெண்மக்கள் இருவர், ஆண்மகன் ஒருவன். அவர்கள் வீட்டிலிருந்து சில கல் தொலைவில் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவ நிலையம் உள்ளது. 1923 ஆம் ஆண்டில் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை மறவாது முயன்று, 1954 இல் தொடங்கிய நிலையம் அது.

இத்தகைய குடும்பத்திற்கு மரபணுச் சோதனை மெய்யாகவே பயன்படும். மருத்துவர் முதலில் மக்களைச் சோதிப்பதில்லை. நோயுற்ற தாயையே சோதிப்பர். பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் இரு மரபணுக்களில் ஒன்று தாயிடம் பழுதுபட்டிருப்பின், அப்பழுது ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதியாகும். பழுதில்லாத மகள் ஏனைய பெண்களைப் போலவே அச்சமின்றி வாழலாம். பழுதுடைய மகளுக்கு எண்பது வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது. எனினும் அவள் செய்வதற்கு வழிகள் உள்ளன. இளமையிலேயே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து நோயை முளையிலேயே கண்டறியலாம். மக்கட்பேறு முடிந்தபின் சூலகங்களை நீக்கிக்கொள்ளலாம். எதை ஏற்பது என்பதை அவளே முடிவு செய்தல் வேண்டும். ஆகையால்தான் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இச்சோதனையைச் செய்வதில்லை.

மகன் செய்தி யாது? பெண்கள் நோய்தானே என்று அவனை விட்டுவிடுவோர் பலர். அது பெரும் பிழை. பழுது அவனிடமும் இருக்கலாம். அவன் வழியாக அவன் மகளுக்கும் செல்லலாம். தந்தைவழி உறவினரின் நோய்களைக் கேளாமல் தாய்வழியை மட்டும் கேட்பது பாதி ஏட்டைப் படிப்பது போன்றது.

ஆனால், குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லாத ஒருத்தி விளம்பரம் கண்டு சோதித்துக்கொண்டால் என்ன பெறுவாள்? மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது இவ்வாறு மரபுவழி வருவது. 'பழுதில்லை' என்னும் அறிக்கையை நம்பி, மார்பில் கட்டி கண்டும் மருத்துவரிடம் செல்லாதிருந்தால் அவ்வறிக்கையே அவளுக்குக் கேடாய் முடியும். நீரிழிவோ, எண்ணற்ற மரபணுக்கள் சிறிது சிறிதாகவும், உணவும் உழைப்பும் பெரிதாகவும் சேர்ந்து விளைவிக்கும் நோய். அளவறிந்து உண்க, நாள்தோறும் நடக்க என்று அறிக்கை கூறும். அவ்வறிவுரைக்கு உமிழ்நீர் வேண்டுவதில்லை.

நோயுற்றவனின் நிலை, நோயின் தன்மை, காலம் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கருத்து. வள்ளுவர் மரபணுவையும் அறிந்திருந்தார் என்று இதனைக் கொண்டு கூறுவாரும் உளர். அது புலமையன்று, புனைவு. ஆயினும் ஆளுக்கேற்ற மருந்து என்னும் நெறி இன்று மரபணுவால் நுட்பமுற்றுள்ளது. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெப்பின் என்னும் மருந்து, ஒருவகை மரபணு உடையாரிடம் உயிரையே பறிக்கும் தோல்நோயை விளைவிக்கக்கூடும். தைவான் நாட்டில், மருந்து தருமுன் சோதித்து அத்தகையோரை விலக்கியதால் அக்கொடுமை நேராது போயிற்று. 2011 இல் அவ்வாய்வு வெளிவந்தது.

இந்திய மக்களின் மரபணுக்கள் நெடுங்காலம் உலக ஆய்வேடுகளில் மிகக் குறைவாகவே இடம்பெற்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு, இதயத் தசைக்குரிய மரபணுவில் ஒரு பழுதினை நம் நாட்டினரில் நூற்றுக்கு நால்வர் கொண்டிருத்தலைக் கண்டது. மேலைநாட்டாரை மட்டும் ஆராய்ந்திருந்தால் அது புலப்பட்டிராது. 10,000 இந்தியருடைய மரபணுத் தொகுதிகள் 2025 சனவரியில் ஆய்வாளர் பயன்பாட்டிற்குத் திறந்துவிடப்பட்டமை நல்ல தொடக்கம். அத்தொகை பெருகுமளவிற்கே அறிக்கைகளுக்குச் சரியான உரை கிடைக்கும்.

அச்சந்தருவது மற்றொன்று உண்டு. ஆதம்பாக்கத்து மகளுக்குத் திருமணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் அவ்வறிக்கையைக் கேட்டால் என்ன நிகழும்? காப்பீட்டு நிறுவனம் கேட்டால் என்ன நிகழும்? தன்னைக் காத்துக்கொள்ளச் சோதித்த பெண் அதனாலேயே தண்டிக்கப்படுதல் முறையன்று. அமெரிக்கா 2008 இல் உடல்நலக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் இதனைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மரபுநோய் எனப் பொதுப்படக் கூறிக் காப்பீட்டை மறுத்தல் சமத்துவத்திற்கு மாறானது என்று 2018 இல் தில்லி உயர்நீதிமன்றம் கூறிற்று. ஒரு வழக்கின் தீர்ப்பு மட்டும் போதாது. நம் நாட்டிலும் தெளிவான தனிச் சட்டம் வேண்டும். அதுவரை மக்கள் சோதனைக்கு அஞ்சி ஒதுங்கினால் அவர்களைக் குறைகூற இயலாது.

எச்சோதனைக்கும் முன்னர் மரபியல் ஆலோசகர் மூன்று தலைமுறைக் குடிவழியை வரைந்துகொள்வார். ஆண்களைச் சதுரத்தாலும் பெண்களை வட்டத்தாலும் குறித்து, யார் எந்நோயால், எவ்வயதில் இறந்தனர் என்று எழுதுவார். இதற்குப் பொருட்செலவில்லை, தாளும் எழுதுகோலும் போதும். ஆனால் பல வீடுகளில் புற்றுநோய் என்னும் சொல்லைச் சொல்லவும் கூசி, 'வயிற்றுவலியால் போனாள்' என்று மறைத்துவிடுகின்றனர். பாட்டனாரின் தங்கை உண்மையில் எந்நோயால் இறந்தாள் என்பதைக் கூற வல்லவர் பெரும்பாலும் வீட்டில் ஒருவரே இருப்பார். அவருக்கும் வயது எண்பதைக் கடந்திருக்கும்.