காரை வாங்கும் முன் உதிரிபாகத்தைக் கேளுங்கள்

கார்க் கடன் கேட்டு வரும் விண்ணப்பத்தில் வருமானம், கடன் வரலாறு, வாகனத்தின் விலை ஆகியவற்றைப் பார்க்கிறோம். பழைய கார் என்றால் அதன் வயதையும் மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் சேர்த்துப் பார்க்கிறோம். அந்த மாடலுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்ற கேள்வி, நான் கண்ட எந்தப் படிவத்திலும் இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் சேர்ந்தே அதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. காரின் ஏ.சி. ஒன்றே அதற்குப் போதிய காரணம்.

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், தாராவி பகுதிகளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார்களைப் பேணி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஓய்வூதியத்தில் வாழ்வோருக்குப் புதிய கார் வாங்கும் எண்ணமில்லை, தேவையுமில்லை. மாதம் இருநூறு கிலோமீட்டர் ஓடும் காரில் இன்ஜின் எளிதில் தேயாது. ஏ.சி.யின் நிலை வேறு. கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய், கேஸுடன் கலந்தே சுற்றி வருகிறது. ஏ.சி. ஓடாத நாட்களில் எண்ணெய் சீல்களை எட்டுவதில்லை. சீல் உலர்ந்து கேஸ் கசிகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரைக் கடற்காற்றின் உப்பு அரிக்கிறது. ஏ.சி. ஆடம்பரம்தானே என்பவர்கள், ஜூலை மழையில் ஜன்னல்களை மூடிக்கொண்டு, முன்கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்த நிலையில் சயானிலிருந்து செம்பூர் வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.

செம்பூரில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர், தம் மனைவியை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்கிறார். சென்ற ஏப்ரலில் அவர் காரின் ஏ.சி. நின்றுபோனது. கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும், வந்து சேர இரண்டு மாதம் ஆகலாம் என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். வைப்புத்தொகையை முன்கூட்டியே முறித்துப் புதிய கார் வாங்கலாமா என்று கேட்டு வந்தார். அவசரப்பட வேண்டாம், கார் ஏ.சி. மட்டுமே பார்க்கும் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்றேன். கெட்டிருந்தது கம்ப்ரஸரின் முன்புறம் உள்ள காந்தக் கிளட்சின் காயில் மட்டுமே. அது தனியாகக் கிடைத்தது, வைப்புத்தொகை தப்பியது.

எல்லோருக்கும் இப்படி எளிதாக முடிவதில்லை. கம்ப்ரஸர் உள்ளே நொறுங்கியிருந்தால் உலோகத் துகள் குழாய்கள் வழியே எங்கும் பரவியிருக்கும். அப்போது கம்ப்ரஸரோடு டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும். இன்றைய கண்டென்சர்களின் நுண்ணிய குழல்களைக் கழுவித் துப்புரவாக்க இயலாது. ஆகவே அதுவும் புதிதாக வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றுபவர், சில மாதங்களில் மீண்டும் அதே செலவைச் செய்ய நேரிடும். இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் வழக்கமான காப்பீடு ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். விபத்தில் கண்டென்சர் நசுங்கினால் இழப்பீடு உண்டு. ஆனால் பத்து ஆண்டு கடந்த காரின் உலோகப் பாகத்துக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிக்கப்படும்.

தேடுவதிலும் ஒரு முறை உண்டு. கம்ப்ரஸரைக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் சுப்ரோஸ், சான்டென் போன்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கியே பொருத்துகின்றன. அதன் உடலில் ஒட்டிய தகட்டில் மாடல் எண் இருக்கும். காரின் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட அந்த எண்ணைச் சொல்லித் தேடுவது பயன் தரும். அதே கம்ப்ரஸர் வேறொரு காரிலும் இருக்கக்கூடும். கண்டென்சரும் கூலிங் காயிலும் அப்படியல்ல, அளவும் பிடிமானமும் மாடலுக்கு மாடல் மாறும். குர்லாவின் பழைய உதிரிபாகக் கடைகளிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ வாங்குவோர், கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்வது நலம். ரசீது கேட்டு வாங்குங்கள். காரில் 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய ஆர்-12 அமைப்பு இருந்தால், ஆர்-134ஏ கேஸை அப்படியே அதில் நிரப்பக் கூடாது. எண்ணெய், டிரையர், ஓ-ரிங்குகள் ஆகியவையும் மாற வேண்டும். புதிய சாதனங்களில் ஆர்-12 வகை வாயுக்களைப் பயன்படுத்த நம் நாட்டில் 2003 ஜனவரி முதல் தடை உள்ளது. ஆர்-134ஏ உள்ளிட்ட வாயுக்களுக்கும் கிகாலி உடன்படிக்கைத் திருத்தத்தின்படி 2028இல் இந்தியாவில் உச்சவரம்பு வருகிறது.

இத்தனை பாடும் எந்த மாடல் என்பதைப் பொறுத்தது. மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. 25 லட்சத்துக்கும் மேல் விற்ற கார் என்பதால் சிறு ஊர்களிலும் அதற்குப் பாகம் கிடைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. விற்பனைக்குப் பிந்தைய சேவை தொடரும் என்று இரு நிறுவனங்களும் கூறின. சேவை என்ற சொல்லுக்குள் எந்தெந்தப் பாகம், எத்தனை ஆண்டு, என்ன விலை என்பதெல்லாம் அடங்குமா என்று வாங்கியவர் எங்கே போய்க் கேட்பது?

உதிரிபாகத்தைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதன் வரம்பில் வாகனங்களும் உண்டு. ஆயினும் தகவல் தருவது வேறு, சட்டக் கடமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், சலவை இயந்திரத்தின் முக்கியப் பாகங்கள் பலவற்றைக் குறைந்தது 10 ஆண்டுகள் தந்தாக வேண்டும் என்பது விதி. பத்து லட்சம் ரூபாய்க் காருக்கு நாம் அதையாவது கேட்கக் கூடாதா? மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 15 ஆண்டுகள் பாகம் தர வேண்டும் என்று சட்டம் வேண்டும். அந்த உறுதி விற்பனை ஆவணத்திலேயே அச்சாக வேண்டும். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை அரசு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. அதைக் கட்டி மேலும் ஐந்து ஆண்டு ஓட்ட உரிமை பெற்றவருக்குப் பாகமும் கிடைக்க வேண்டாமா?

சட்டம் வரும்வரை செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தாராவியில் அலுமினியக் கழிவை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் பட்டறைகள் உள்ளன. நம் காரின் கண்டென்சரும் கூலிங் காயிலும் பெரும்பாலும் அலுமினியமே. மாட்டுங்காவில் ஒருவர் தேடியலையும் பாகம், இரண்டு கிலோமீட்டர் தள்ளி எடைக்கு எடை உருகிக்கொண்டிருக்கலாம். பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள், நல்ல நிலையில் உள்ள பாகங்களைச் சோதித்து, மாடல் எண்ணுடன் பட்டியலிட்டு, ரசீதும் குறுகிய கால உத்தரவாதமும் தந்து விற்க முன்வரலாம். அத்தகைய தொழிலுக்குக் கடன் கேட்டு ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தால், அந்த விண்ணப்பத்தை நான் ஆர்வத்துடன் படிப்பேன்.