மாரடைப்புக்குப் பின் நடக்கலாமா?

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் பலர், "நடந்தால் மறுபடியும் வந்துவிடுமோ?" என்று பயந்து நாற்காலியே கதி என்று கிடக்கிறார்கள். வீட்டாரும் அசைய விடுவதில்லை!

பயம் பழையது. தாம்பரத்தில் 1928-ல் காசநோய் சானடோரியம் தொடங்கியபோது ஓய்வே பெரிய மருந்து. அந்தக் காலத்தில் மாரடைப்புக்கும் பல வாரம் படுக்கைதான்.

1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த நிபுணர் பால் ஒயிட், நடப்பதே நல்லது என்பவர். மறு ஆண்டு ஐசனோவர் கோல்ப் ஆடினார், தேர்தலிலும் வென்றார்!

இதயமும் தசைதான். அளவாக வேலை கொடுத்தால் வலுவடையும்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை நடக்கலாம். (ஜி.எஸ்.டி. ரோடு வேண்டாம். அங்கே நல்ல இதயமே படபடக்கும்!) பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். நெஞ்சு வலித்தால் நின்றுவிட வேண்டும். வலி விடாவிட்டால் உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.