லாரியில் ஏற்றிவிட்டால் தீர்ந்ததா?

"தோட்டத்துக்கு வர்ற யானையைப் பிடிச்சு வேற காட்டுல விட்டா முடிஞ்சுது" என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால் கோபமாகத்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2023 பிப்ரவரியை அதற்குள் மறந்துவிட்டீர்களா? தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் பயிரை மேய்ந்த ஒரு யானை. தந்தமில்லாத ஆண், மக்னா என்பார்கள். மயக்க ஊசி போட்டு ஆனைமலை வரகளியாறில் கொண்டுவந்து விட்டார்கள். மாதம் முடியவில்லை, சேத்துமடையில் இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, நம்ம கிணத்துக்கடவு வழியாகவே மதுக்கரை போய், பேரூர்ப் பக்கம் வீடுகளுக்கு நடுவில் நின்றது. மறுபடி ஊசி, மறுபடி லாரி, இந்த முறை மானாம்பள்ளி. அங்கிருந்து இறங்கிச் சரளப்பதித் தோட்டங்களுக்குள் புகுந்தது. அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் கத்திய பிறகு ஜூலை 31-ல் மூன்றாவது முறையாகப் பிடித்துச் சின்னக்கல்லாறுக்குக் கொண்டுபோனார்கள். பாலக்கோட்டு விவசாயியின் நஷ்டத்தைச் சரளப்பதி விவசாயி தலையில் கட்டியதைத் தவிர வேறென்ன நடந்தது?

பாலக்கோட்டில் அதைப் பிடிக்கப் போன கும்கி யார் தெரியுமா? சின்னத்தம்பி! 2019 ஜனவரியில் தடாகத்தில் பிடித்து டாப்சிலிப்பில் விட்டபோது, உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்த அதே சின்னத்தம்பி.

காடு என்றால் மேப்பில் பச்சை அடித்த இடம் என்று நினைக்கிறோம். யானைக்கு அது பருவத்துக்குப் பருவம் மாறுகிற இடம். ராமன் சுகுமார் 1980-களில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் யானைகளின் பின்னாலேயே அலைந்து எழுதியிருக்கிறார். கோடையில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தழை, மழை பெய்ததும் புல் முளைத்த இலையுதிர்க் காடு என்று அவை இடம் மாறுகின்றன. வெள்ளாமையில் அதிகம் இறங்குவது ஆண் யானைகள்தான் என்றும் அவரே காட்டினார்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். தான்சானியாவின் தரங்கிரி தேசியப் பூங்காவில் 1993-ல் கடும் வறட்சி. பூங்காவை விட்டு வெளியேறிய கூட்டங்களில் குட்டிகள் அதிகம் பிழைத்தன, உள்ளேயே இருந்த கூட்டத்தில் அதிகம் செத்தன. வெளியேறிய கூட்டங்களில் வயதான பெண் யானைகள் இருந்தன. அவற்றுக்குப் பழைய வறட்சி ஞாபகம் இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாம் போடுகிற எல்லைக்கல் அந்த ஞாபகத்தில் கிடையாது.

"வாத்தியாரே, தென்னங்கன்று போனவன் என்ன பண்ணுவான்?" என்று எங்கள் மாமா கேட்பார். நியாயமான கேள்வி. நடையாய் நடக்கவிடாமல் நஷ்டஈட்டை உடனே கொடு என்று கேளுங்கள், நானும் வந்து உட்காருகிறேன். அதோடு வழியை அடைத்தவனையும் கேளுங்கள். தடாகத்தில் செம்மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்கிய பிறகு 2021-ல்தான் அனுமதியில்லாத செங்கல் சூளைகளை மூடினார்கள். நீலகிரி சீகூரில் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகள் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபரில்தான் தீர்ப்பு வந்தது. அடிவாரத்தில் 'மலை வியூ' சைட் விற்கிற என் மாணவர்கள் மூன்று பேர் இதையும் படிப்பார்கள். பெயர் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

இனிமேல் "பிடிச்சு விடுங்க" என்று எழுதினால், எந்த ஊருக்குப் பக்கத்தில் விட வேண்டும் என்று ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் கண்ணுகளா. அந்த ஊரிலும் நம்ம சொந்தக்காரர் யாராவது தோட்டம் வைத்திருப்பார்.