கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நான் மணி அடித்த பிறகும் பேசுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய மாணவன் பேசினான். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டான்: "சார், இந்தச் சுற்றுச்சூழல் அமைப்புக்காரங்க எந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தாலும் போய் நின்னு வேண்டாம் வேண்டாம்னு சொல்றாங்களே, அப்புறம் நாடு எப்படி சார் முன்னேறும்?" நல்ல கேள்விதான். பத்து நிமிடத்தில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் அதே எண்ணம் இருக்கலாம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பணி ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், நம் பக்கத்தில் ஒரு கல்குவாரிக்காகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இடம் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் அதிகாரிகள், பக்கவாட்டில் காவலர்கள், கீழே வேனில் வந்த ஆட்கள் பாதி, ஊர்க்காரர்கள் பாதி. நானும் போயிருந்தேன். ஒலிபெருக்கியைக் கொடுத்ததும் ஏழு நிமிடம் பேசினேன். பாட்டன் பூட்டன் வெட்டிய கண்மாய், பிள்ளைகளின் எதிர்காலம், மலையை இழந்தால் மழையை இழப்போம் என்றெல்லாம் சொன்னேன். நல்ல கைதட்டல். நெஞ்சு நிமிர்த்தி வந்து உட்கார்ந்தேன்.

எனக்குப் பிறகு ஒரு சின்னப் பெண் எழுந்தது. ஏதோ சூழல் அமைப்பைச் சேர்ந்தது, வெளியூர். கையில் குவாரிக்காரர்கள் தயாரித்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை. குரலை உயர்த்தவே இல்லை. அறிக்கையில் ஒரு பக்கத்தைச் சொல்லி, "இந்த எல்லைக்குள் நீர்வழி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிராம வரைபடத்தில் இந்தப் புல எண்ணில் கண்மாயின் வரத்துக் கால்வாய் இருக்கிறது. எது சரி?" என்று கேட்டது. மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குறித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அந்தப் பெண் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது.

பிறகு கூட்ட நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் படித்தேன். என் ஏழு நிமிடப் பேச்சு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார் என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. அந்தப் பெண்ணின் கேள்வி அரைப் பக்கம், அதற்கு நிறுவனம் கொடுத்த பதில் அரைப் பக்கம். குவாரிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் கால்வாயை ஒட்டிய பகுதியை விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள், தெரிந்ததையெல்லாம் எழுதாதீர்கள் என்று முப்பது வருடம் உங்கள் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதியவன் நான். அன்றைக்கு எனக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டது.

இது ஏன் இப்படி நடந்தது என்றால், சட்டம் அப்படி அமைந்திருக்கிறது. நம் நாட்டில் பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி என்ற முறை 1994-ல் வந்தது. மக்களிடம் கருத்துக் கேட்பது 1997-ல் கட்டாயமானது. இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட அறிவிக்கை. அதன்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். முழுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். முடிவில் குறிப்பை மக்கள் மொழியில் படித்துச் சொல்ல வேண்டும். அங்கே எழுப்பப்பட்ட முக்கியமான சூழல் கவலை ஒவ்வொன்றுக்கும் திட்டக்காரர் பதில் சொல்லி, அறிக்கையையும் திருத்த வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். கருத்துக் கேட்பு என்பது தேர்தல் அல்ல. ஆயிரம் பேர் வேண்டாம் என்று கை தூக்கினாலும் எண்ணிக்கையை வைத்துத் திட்டம் நிற்காது. ஆனால் ஒரே ஒருவர் அறிக்கையில் உள்ள ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினால் அதைத் தாண்டிப் போவது கடினம். பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும், அன்றைக்கே சொன்னோமா என்பதையும் அங்கே பார்ப்பார்கள். சூழல் அமைப்புகள் அந்தக் கூட்டங்களில் செய்யும் உருப்படியான வேலை இதுதான். நாம் படிக்காத நூற்றுக்கணக்கான பக்கங்களை அவர்கள் படித்துவிட்டு வருகிறார்கள்.

"வெளியூர்க்காரனுக்கு இங்கே என்ன வேலை?" என்று மண்டபத்தில் ஒருவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சத்தம் போட்டார். அதற்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2006 அறிவிக்கையில் கருத்துக் கேட்புக்கு இரண்டு பகுதி. ஒன்று, அந்தப் பகுதி மக்களுக்கான நேரடிக் கூட்டம். மற்றது, திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ள யாரிடமிருந்தும் எழுத்து மூலமாகக் கருத்துப் பெறுவது. வெளியூர்க்காரர் எழுதலாம். சிங்கப்பூரில் இருக்கும் நம் பையனும், தன் ஊர் கண்மாயைப் பற்றி, எழுதலாம்.

சரி, கேள்வித்தாளே நமக்குப் புரியாத மொழியில் வந்தால்?

2020-ல் அது நடந்தது. அந்த 2006 அறிவிக்கையை மாற்றி எழுத ஒன்றிய அரசு ஒரு வரைவு கொண்டுவந்தது. அரசிதழில் வந்தது ஏப்ரல் 11. ஊரடங்கு நேரம், வீட்டுப் படியைத் தாண்ட முடியாது. 60 நாளில் கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள், பிறகு ஜூன் 30 வரை நீட்டித்தார்கள். வரைவு இருந்தது ஆங்கிலத்திலும் இந்தியிலும். விக்ராந்த் தோங்கட் என்ற சூழல் ஆர்வலர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டிக்கவும், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை வெளியிடவும் ஜூன் 30 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. இங்கே சூழல் அமைப்புகளும் தன்னார்வலர்களும் தாங்களாகவே தமிழில் மொழிபெயர்த்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை.

மாசாத்தியார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் நம் ஒக்கூர். சங்க காலத்திலேயே ஒரு பெண் தமிழில் கவிதை எழுதிய ஊர் என்று பெருமை பேசுகிறோம். அந்த ஊர்க்காரன் தன் மண்ணைப் பற்றிய ஓர் அரசு வரைவைத் தமிழில் படிக்க, டெல்லியில் யாரோ ஒருவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்த மனிதரிடம் நன்றியும் உண்டு.

அடுத்து நம் பக்கத்து மாவட்டத்துக்கு வருகிறேன். அரிட்டாபட்டி விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பர் 7 அன்று, மேலூர் பக்கத்தில் சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் தொகுதிக்கு ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. சனங்கள் கொதித்தெழுந்தார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

நடந்த கால்களுக்கு வணக்கம். ஆனால் அந்தக் கால்களோடு ஒரு காகிதமும் நடந்தது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2022 நவம்பரிலேயே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்திருந்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள், சமணர் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. பறவை பார்க்கிறவர்களும் கல்வெட்டு ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் வருடக்கணக்காகக் கணக்கெடுத்து வைத்ததன் பலன் அது. ஏலச் செய்தி வந்த அன்றைக்கே கையில் பதில் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏலம் விடும் கட்டத்தில் ஊரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் அனுமதிக் கட்டத்தில்தான் கேட்பார்கள். பெண் பார்த்து, நிச்சயம் செய்து, பத்திரிகையும் அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்கிற கதை. பிரச்சினை வெடித்ததும் இரண்டு அரசுகளும் எதைப் பற்றிச் சண்டை போட்டன? 2023 அக்டோபரிலேயே எழுத்தில் எதிர்த்துவிட்டோம் என்றது மாநிலம். ஏலம் நடந்த மாதங்களில் உங்களிடமிருந்து எதிர்ப்பு வரவில்லையே என்றது ஒன்றியம். கடைசியில் யார் எப்போது எழுதினார்கள் என்பதுதான் கேள்வியாக நின்றது.

இனி நம் மாவட்டம். பென்சில் முனையைக் காட்டி, "இது ஈயம் இல்லை, கிராஃபைட், நம் சிவகங்கை மண்ணிலேயே கிடைக்கிறது" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். டாமின் நிறுவனம் சிவகங்கைக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாக அதை எடுத்துவருகிறது. இப்போது மின்சார வண்டிகளின் பேட்டரிக்குக் கிராஃபைட் அவசியம். 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது முக்கியக் கனிமங்கள் என்று ஒரு பட்டியல் சேர்த்தார்கள். டங்ஸ்டனும் கிராஃபைட்டும் அதில் இருக்கின்றன.

2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் உள்ள கனிமங்களுக்கும் அணுக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட, பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்கிறது அது. நாட்டின் பாதுகாப்பும் தேவையும் காரணம் என்கிறார்கள். தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். குறிப்பாணை என்பது வரைவு போட்டு, 60 நாள் கருத்துக் கேட்டு வருகிற அறிவிக்கை அல்ல. மக்களைக் கேட்க வேண்டாம் என்ற முடிவு இவ்வளவு எளிதாக வந்துவிட்டது.

நான் கிராஃபைட்டுக்கு எதிரி அல்ல. அந்த வேலையில் சாப்பிடும் குடும்பங்கள் இருக்கின்றன. பேட்டரி வண்டி வேண்டும் என்று ஆசைப்படுகிறவனும் நானே. ஆனால் எந்தக் கால்வாய் எங்கே போகிறது, எந்தக் கலுங்கு எந்தக் கண்மாயை நிரப்புகிறது என்பது டெல்லியில் உள்ள நிபுணர் குழுவுக்குத் தெரியாது. மண்டபத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு அறிவியல்படியும் அரைகுறைதான். 1992-ல் ரியோ மாநாட்டில், சூழல் விஷயங்களில் மக்கள் பங்கேற்க வேண்டும் என்ற பத்தாவது கோட்பாட்டை நம் நாடும் ஏற்றுக்கொண்டது.

சூழல் அமைப்புகள் மேலும் எனக்குக் குறை உண்டு. பல நேரம் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் ஊருக்குள் வருகிறார்கள். துண்டறிக்கை கொடுக்கிறார்கள், முழக்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள், அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் பேசும் தமிழும் நம் சனங்களுக்குப் பாதிதான் புரிகிறது. அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள் தம்பிகளே, முழக்கம் எங்களுக்கே வரும். அந்தப் பெண் கிராம வரைபடத்தை எங்கே வாங்கியது, எப்படி ஒப்பிட்டது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அடுத்த கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

கடைசியாக வீட்டுப்பாடம். வாத்தியார் சும்மா விடமாட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு: ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றிலாவது, நம் ஊராட்சியில் உள்ள கண்மாய், ஊருணி, வரத்துக் கால்வாய் அத்தனையையும் புல எண்ணோடு தீர்மானத்தில் ஏற்றுங்கள். 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அது எங்கே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கேள்வித்தாள் வராமலே போகலாம். விடையை எழுதி வைத்துவிடுவோம்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கு: அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் மாவட்ட வாரியாக விண்ணப்பங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சிவகங்கை மாவட்டத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இருப்பதை, நம் ஆச்சிமாருக்குப் புரிகிற மாதிரி, ஒரு பக்கத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஊரில் நான் படித்துக் காட்டுகிறேன்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு: உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பெண் அன்று வேண்டாம் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. எது சரி என்று கேட்டது, அவ்வளவுதான். மாவட்டப் பட்டியலை முதலில் பார்க்கும் வேலையை உனக்கே கொடுக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், தயாராக இரு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
ஒக்கூர்