பொத்தான் சக்கரமும் நம் ஊர்ச் சரக்குப் பெட்டியும்



பாடசாலை விடுமுறை வந்தால் ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூர்களில் பிள்ளைகளைச் சமாளிப்பது பெரும்பாடு. வெளியே மழையும் பனிமூட்டமும். உள்ளே, "உம்மா, எனக்கொரு கோச்சி வாங்கித் தாங்க" என்ற நச்சரிப்பு. கண்டியில் விலை கேட்டுவிட்டு, பேசாமல் பஸ் ஏறித் திரும்பிய தாய்மார் எத்தனை பேர்!

மனம் நோகாதீர்கள். கடையில் இருப்பது பெரும்பாலும் பிற நாட்டுக் கோச்சிதான். அங்கெல்லாம் பரவலாக விற்கும் சிறு தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். அந்நாடுகளின் 4 அடி 8½ அங்குலப் பாதையைச் சுருக்கிச் செய்தது அது. நமது பாதையின் அகலமோ 5 அடி 6 அங்குலம். ஆகவே நம் கோச்சியை நாமேதான் செய்யவேண்டும்.

எதைச் செய்வது? சரக்குப் பெட்டியைச் செய்யுங்கள். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிய கோச்சி, 1867இல் கண்டியை எட்டியது. மலையைக் குடைந்து பாதை போட்டது முக்கியமாகக் கோப்பியை இறக்கத்தான். கோப்பி நோயால் அழிந்த பின் தேயிலை வந்தது. இன்று தேயிலை பெரும்பாலும் லொறியில் போகிறது. நம் பிள்ளைகள் அந்தச் சரக்குப் பெட்டியைக் காண்பதே அரிது.

சட்டைக்கு அளவெடுத்து வெட்டத் தெரிந்த உங்களுக்கு இது கஷ்டமல்ல. ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று கணக்கு வையுங்கள். 20 அடிப் பெட்டி 8 சென்ரிமீற்றர் ஆகும். நமது பாதை 22 மில்லிமீற்றர். மூன்றடிச் சக்கரம் 12 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான்!

மெல்லிய மட்டையில் பக்கங்களை வரைந்து வெட்டுங்கள். பிளேட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். மட்டையின் மேல் மழுங்கிய ஊசியால் கோடு இழுத்தால் பலகை வரிசை தெரியும். பின்பக்கமிருந்து ஊசிமுனையால் மெல்ல அழுத்தினால் முன்பக்கம் ஆணித்தலைகள் எழும்பும். கட்டைகளுக்கு நெருப்புக்குச்சி போதும். பழைய மரத்தின் நிறம் வேண்டுமா? கடும் சாயத்தண்ணீரைப் பூசிக் காயவிடுங்கள். பெட்டி சரியாமல் நிற்க, அடியில் சில்லறைக் காசை ஒட்டுங்கள்.

ஒட்டுமுன் நான்கு பக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால், உண்மையான பெட்டியில் அது மூன்று அங்குலப் பிழை. அப்படிப்பட்ட கோச்சி தண்டவாளத்தில் நிற்குமா? பிள்ளையையே கேளுங்கள். "பரவாயில்லை" என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவன் படிப்பதும் அதையே. கோணலாகிவிட்டதென்று பறித்து நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள்; ஏசவும் வேண்டாம். இன்னொரு மட்டையைக் கொடுங்கள். மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான வேலையல்ல.

வசதி கிடைக்கும்போது, 2014இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலைக்குக் கூட்டிப்போங்கள். பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் கிட்ட நின்று பார்க்கட்டும்.

வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியை அலுமாரிக்குள் ஒளிக்காமல், வருவோர் கண்ணில் படும்படி வையுங்கள். விலைக்கு வாங்கிய கோச்சி உடைந்தால் பிள்ளை இன்னொன்று கேட்பான். தானே செய்தது உடைந்தால் பசையைத் தேடி எடுப்பான்.