முதுமையின் குற்றமா முழங்கால் வலி?

திருவாரூர்ச் சீமையில் சேற்றில் நின்று நாற்று நட்டு, குந்திக் களையெடுத்து, கதிர்க்கட்டு சுமந்த தாய்மார்கள், அறுபதைத் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். நாட்டுக்குச் சோறிட்ட கால்கள் நடக்க மறுக்கின்றன! ஏன் என்று கேட்டால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்பது ஒரு பதில். "உடம்பைக் குறை" என்பது இன்னொரு பதில். இரண்டோடும் நம் கடமை முடிந்ததா?

வயது ஒரு காரணந்தான், மறுப்பாரில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் குந்தியும் சுமந்தும் செய்த பாடும் மூட்டைத் தேய்க்கிறதே! நடவுக்கு இயந்திரம் வந்தது, பாடு குறைந்தது, தட்டிலே சோறு மட்டும் குறையவில்லை. எடை ஏறுகிறது, வலி மிகுகிறது, வலியால் முடங்குகிறார்கள், முடங்குவதால் மேலும் எடை ஏறுகிறது. இந்தச் சுழலை உடைக்க வேண்டாமா?

உடைக்க வழி உண்டு. எடை மிகுந்தவர் ஒரு கிலோ குறைத்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 454 பேரை 18 மாதம் கவனித்து 2013இல் வெளிவந்த ஆய்வோ, உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் வலி மிகவும் தணிகிறது என்றது. பட்டினி மருந்தல்ல, அது முதியவரின் தசையையே கரைத்துவிடும். சோற்றைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் மீனையும் கூட்ட வேண்டும். நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கும் எளிய பயிற்சி தொடைத் தசைக்கு வலுவூட்டும்.

இவற்றைச் சொல்லிக்கொடுப்பது யார்? 2010இல் திருவாரூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் இடம்பெற்றது. நல்ல திட்டம், பாராட்டுவோம். ஆனால் மாத்திரை எட்டும் குடிசைக்கெல்லாம் பயிற்சியும் எட்ட வேண்டும்!

நாம் கேட்பது இரண்டே. ஊருக்கு ஊர் வாரம் ஒரு நாள், முதியோரைக் கூட்டி இயன்முறை மருத்துவர் பயிற்சி தரட்டும். நியாயவிலைக் கடையில் அரிசிக்கு நிகராகப் பருப்புக்கும் இடம் பெருகட்டும்.

பாடுபட்டவரைப் பார்த்து "நீயே குற்றவாளி" என்பது மருத்துவம் அன்று. அந்தக் கால்கள் மீண்டும் நடக்கத் துணை நிற்பதே நன்றிக்கடன்!