பழகிய தேகம் என்னும் பொய்ந்நம்பிக்கை

வன்னிப் பெருநிலத்தில், காலபோக நெற்பயிர் தழைத்து நிற்கும் நாட்களில் மருந்துத் தாங்கியை முதுகிற் சுமந்து வயலில் இறங்கும் கமக்காரனிடமாயினும், கிளிநொச்சி, பரந்தன் பகுதி நெல்லாலைகளில் தவிட்டுத் தூசியின் நடுவே சாக்குப் பிடித்து நிற்கும் பெண்ணிடமாயினும், வவுனியாப் பக்கத்துக் கருங்கற் குவாரியில் தலைமுதற் கால்வரை வெண்டூசி படியக் கல்லுடைக்கும் இளைஞனிடமாயினும், "இத்தூசியும் மருந்தும் உடம்புக்குக் கேடல்லவா?" என்று வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "எங்களுக்கு இது பழகிப் போச்சு, ஒண்டும் செய்யாது." இவ்வபிப்பிராயத்தைக் கூலியாள் மாத்திரம் கொண்டிருப்பானாயின் அதனை அறியாமை என்று இரங்கி விடலாம். ஆனால் அவனுக்குக் கூலி கொடுக்கும் முதலாளியும், அவன் பிள்ளைக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியரும், ஊர்ப் பெரியவர்களும் இதனை ஓர் அனுபவ உண்மையாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். இது உண்மையன்று, உண்மைக்கு நேர் மாறானது, ஆண்டுதோறும் உழைப்பாளிகளின் சுவாசகோசத்தையும் நரம்பையும் அரித்துவரும் ஒரு பொய்.

இந்நம்பிக்கை ஆதாரமே இல்லாமற் பிறந்ததன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்வது நியாயம். வெயிலுக்கு உடம்பு பழகுவது மெய். கடும் வெயிலில் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து உழைப்பவனுக்கு வியர்வை விரைவிலும் மிகுதியாகவும் சுரக்கிறது. அவ்வியர்வையில் உப்புக் குறைகிறது. இருதயத்தின் பதைப்புத் தணிகிறது. மண்வெட்டி பிடித்த கை காய்த்து உரமேறுவதும் மெய். இவ்விரண்டையும் தன் தேகத்திலேயே பிரத்தியட்சமாகக் கண்ட கமக்காரன், கல்லின் தூசிக்கும் கிருமிநாசினியின் விஷத்துக்கும் அவ்வாறே உடம்பு உரமேறிவிடும் என்று முடிவு செய்வது இயல்பே. ஆயினும், வெயிலை எதிர்கொள்ளத் தேகத்துக்கு இயற்கை ஓர் உபாயத்தை வைத்திருக்கிறது; கருங்கல்லின் துகளைக் கரைக்கவோ வெளியேற்றவோ அத்தகைய உபாயம் எதனையும் வைக்கவில்லை.

கருங்கல்லை உடைக்கும்போது எழுவனவற்றுள் கண்ணுக்குத் தெரிவது பருந்தூசி. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளிப்பட்டுவிடும். கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்டூசி. மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைந்த பளிங்குச் சிலிக்காத் துகள்கள் சுவாசகோசத்தின் கடைசி நுண்ணறை வரை சென்று சேர்கின்றன. அவற்றை விழுங்க வரும் காவற் கலங்கள் தாமே மடிய, மடிந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. துகள் அழியாமையால் அடுத்த கலமும் அதே கதியை அடைகிறது. இவ்வாறு தழும்பின்மேல் தழும்பு ஏறி, மூச்சை வாங்கும் மென்மையான தசை நாளடைவில் இறுகிப்போவதையே சிலிக்கோசிஸ் என்கிறோம். வேலையை விட்ட பின்னரும் இந்நோய் வளர்வதுண்டு. இதனைப் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. காசநோய் பற்றுவதற்கும் இதுவே வழி திறந்துவிடுகிறது. அமெரிக்க அரசாங்கம் 2016இல் இத்தூசிக்கு விதித்த எல்லை, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, ஒரு கன மீற்றர் காற்றில் ஒரு மில்லிகிராமின் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு தூசியுள்ள காற்று பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். கண்ணால் அளக்க முடியாத ஒன்றை, பல வருஷம் கழித்தே நோயாக வெளிப்படும் ஒன்றை, இன்று இருமல் வரவில்லை என்பதனால் உடம்பு வென்றுவிட்டது என்று கூறுவது எவ்விதத்திற் பொருந்தும்? போரில் நொறுங்கிய கூரைகளின் அஸ்பெஸ்டஸ் துண்டுகளை வெறுங்கையாற் பொறுக்கி அகற்றியவர்களுக்கும் இது பொருந்தும்; அந்நாரினால் விளையும் புற்றுநோய் வெளிப்பட இருபது முதல் நாற்பது வருஷம் வரை செல்லும்.

நெல்லாலையின் விஷயம் இதனினும் தெளிவானது. தானியம் புடைப்போரையும் அளப்போரையும் பற்றும் இருமலையும் மூச்சுத் திணறலையும் இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாத்சீனி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்; நோயாளியிடம் அவன் செய்யும் தொழிலையும் கேட்டறிய வேண்டும் என்று வைத்திய உலகுக்குக் கற்பித்தவர் அவரே. தானியத் தூசியில் உமியின் துகளோடு பூஞ்சண வித்துக்களும் கலந்திருக்கின்றன. அவற்றைத் திரும்பத் திரும்ப உட்கொள்ளும் தேகம் பழகுவதற்குப் பதிலாகப் பகைமை கொள்கிறது. முதல் வருஷத்தில் ஒரு சாக்குத் தூசியைப் பொறுத்த சுவாசகோசம், ஐந்தாம் வருஷத்தில் ஒரு பிடித் தூசிக்கே இழுப்பு எடுக்கிறது. சீமெந்தோடு மாரடிக்கும் மேசன்மாரின் கை வெடித்துப் புண்ணாவதும் இவ்வகையினதே. அதிலுள்ள குரோமியத்துக்கு ஒருமுறை ஒவ்வாமை கொண்ட தோல் ஆயுள் முழுவதும் அதனை மறப்பதில்லை.

கிருமிநாசினியின் விஷயத்திலோ, 'பழக்கம்' என்று நாம் கொண்டாடுவது உண்மையில் ஒரு கடன். சேதனப் பொஸ்பேற்று வகை நாசினிகள், நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை உரிய நேரத்தில் நிறுத்துகின்ற கோலினெஸ்தரேஸ் என்னும் நொதியத்தை முடக்குகின்றன. ஒரு நாள் தெளிப்பில் இழந்த நொதியம் மீண்டும் நிறைய வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். அதற்குள் அடுத்த தெளிப்பு வந்துவிடுகிறது. ஆரம்பத்தில் வந்த தலையிடியும் குமட்டலும் பின்னர் தணிந்துபோகலாம். ஆனால் நொதியத்தின் இருப்புக் குறைந்தே கிடக்கும். அந்நிலையில், புதியவன் தாங்கக்கூடிய அளவு மருந்தே பழகியவனை வயலில் வீழ்த்திவிடக்கூடும். தோலின் வழியாகவே இவ்விஷம் பெரும்பாலும் உட்புகுவதால், மூக்கை மாத்திரம் சால்வையால் மூடி, ஒழுகும் தாங்கியின் ஈரம் முதுகில் ஊற நடப்பவன் தன்னைப் பாதுகாத்துக்கொண்டவன் ஆகான். ஆலகாலத்தை உண்ட பரமசிவனுக்கும் அந்நஞ்சு கண்டத்திலே தடுத்து நிறுத்தப்பட்டது என்றுதான் நம் புராணம் கூறுகின்றதேயன்றி, அது அவருக்குப் பழகிவிட்டது என்று கூறவில்லை.

"என் தகப்பன் காலமெல்லாம் மருந்தடித்தார், எண்பது வயது வரை இருந்தார்" என்பது அடுத்து வரும் வாதம். இருந்தவரை நாம் காண்கிறோம். இடையில் வேலையை விட்டவரைக் காண்பதில்லை. இருமல் கண்டவன் குவாரியை விட்டு விலகுகிறான், இழுப்பு வந்தவள் ஆலைக்கு வருவதை நிறுத்துகிறாள், நிற்பவர்கள் வலியவர்கள். அவ்வலியவர்களை மாத்திரம் எண்ணிக்கொண்டு தொழில் கேடற்றது என்று தீர்ப்பளிப்பது நியாயமன்று.

இவற்றிற்கெல்லாம் மேலாக, வன்னியில் இந்நம்பிக்கைக்கு ஒரு தனி வலிமை உண்டு. 2009இல் முடிந்த போரின் அழிவைக் கடந்து வந்த சனத்துக்கு, செல்லடிக்குத் தப்பிய உடம்புக்குத் தூசி ஒரு பொருட்டா என்ற எண்ணம் எழுவதை எவரும் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் செல்லின் சிதறலை இன்னும் தசையிற் சுமப்பவனும், பட்டினியும் இடப்பெயர்வும் கண்டு மீண்டவளும், கணவனை இழந்து நாட்கூலியால் குடும்பத்தைத் தாங்குகின்றவளும், ஏனையோரைவிடக் குறைந்த சேமிப்போடு நிற்கும் தேகத்தையே ஆலைக்குக் கொண்டு செல்கின்றனர். அவர்களுடைய சகிப்பைப் புகழ்ந்துவிட்டு, அச்சகிப்பையே பாதுகாப்புக்குப் பதிலாகக் கேட்பது பெரும் அநீதி. தூசி உறிஞ்சும் குழாய்க்குச் செலவிட வேண்டிய பணம் அவ்வநீதியினால் யாருக்கு மிச்சமாகிறது என்பதையும் சிந்திக்க வேண்டும்.

தொழிற் சுகாதாரம் என்னும் சாஸ்திரம் போதிக்கும் ஒழுங்கு எளியது. கொடிய பொருளை நீக்கு. நீக்க முடியாவிடின் தீங்கு குறைந்ததைக் கொள். தூசி பிறக்கும் இடத்திலேயே அதனை அடக்கு. வேலை செய்யும் முறையை மாற்று. இவையெல்லாம் செய்த பின்னரே எஞ்சியதற்கு முகக்கவசத்தை நாடு. நாமோ இதனைத் தலைகீழாக்கி, ஒரு துணித்துண்டைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறோம். நீக்குதல் இயலாத காரியமன்று. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என வகுத்த நாசினிகளில் எஞ்சியிருந்தவற்றை இலங்கை 1995இல் தடைசெய்தது. 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரையில் படிப்படியாகப் பரகுவாட்டும் நிறுத்தப்பட்டன. நஞ்சினால் நேர்ந்த மரணங்கள் பெரிதும் குறைந்தன. நெல் விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை. 2021இல் முன்னாயத்தமின்றி எல்லா விவசாய இரசாயனங்களையும் ஒரேயடியாகத் தடுத்துக் கமக்காரனைத் தவிக்கவிட்டதை நான் ஆதரிக்கவில்லை. தெரிந்தெடுத்துப் படிப்படியாக நீக்குதலையே கூறுகிறேன்.

சட்டமும் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தூசியைத் தொழிலாளி உட்கொள்ளாவண்ணம் காக்கும் கடமையை உடைமையாளர்மீதே சுமத்தியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தினால் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென ஒரு தேசிய நிறுவகமும் அமைக்கப்பட்டது. ஆயினும் நெல்வயல் தொழிற்சாலை அன்று. ஆதலால் அங்கு மருந்தடிக்கும் கூலியாளை அக்கட்டளைச் சட்டம் காப்பதில்லை. இக்குறையை நீக்கும்படி கேட்பது மக்கள் பிரதிநிதிகளின் கடமை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. குவாரியில் துளையிடும் இடத்திலும் உடைக்கும் வாயிலும் நீர் தூவுதல் வேண்டும். ஆலையில் தவிடும் உமியும் விழும் இடங்களை மூடி, தூசியை உறிஞ்சி வெளியேற்றுதல் வேண்டும். கமநல சேவை நிலையங்களும் கமக்காரர் அமைப்புகளும், காலபோகம் தொடங்குமுன் ஒழுகும் தாங்கிகளைப் பழுதுபார்த்து, மருந்து கலப்போருக்கு இறப்பர்க் கையுறை வழங்கி, காற்றுக்கு எதிராகத் தெளியாமலும், தெளித்த பயிரினூடே நடவாமலும், வெற்றிலை போடுமுன் கை கழுவியும், தெளித்த உடுப்பைத் தனியே துவைத்தும் வருகின்ற முறையைப் பழக்குதல் வேண்டும். ஆஸ்பத்திரிகளில் இருமலோடு வருபவரிடம் அவர் செய்யும் தொழில் யாதென்று கேட்டெழுதுதல் வேண்டும். பழக வேண்டியவை இவையே. உழைப்பவனின் தேகத்தை விஷத்துக்குப் பழக்க முயலும் சமூகம் அவனுடைய ஆயுளைத் திருடுகிறது. இனி எவரேனும் "பழகிப் போச்சு" என்று கூறினால், அதனை உடல் உரத்தின் சான்றாகக் கொள்ளாது, காப்பாற்ற வேண்டியவர்கள் காப்பாற்றவில்லை என்னும் முறைப்பாடாகவே நாம் கேட்டல் வேண்டும்.